மடாம் லுட்மிலா மேடைக்குப் போகுமுன்

சங்கீத மண்டபத்தில் கலைஞர் அறையைப் பார்த்துக்கொள்பவளுக்குச் சங்கீதத்தைத் தவிர மற்ற எல்லாமே பொறுப்பு. இஸ்திரி, தேநீர், காணாமற்போன காலுறை, கடைசி நிமிடக் கோபம். யாரையாவது மேடைக்கு அனுப்பிவிட்டுத் திரைக்குப் பின்னால் நிற்கும் உத்தியோகக்காரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் மொன்றியலில் எனக்கு வாய்த்தவர் மடாம் லுட்மிலா. செக் நாட்டு வயலின் மேதை. உலகமெல்லாம் வாசித்துப் பேரெடுத்தவர். சில வருடங்களுக்கு ஒரு தடவை எங்கள் மண்டபத்துக்கு வருவார். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். சண்டை பிடிக்க அது காணும்.

தனிச் சீற்

முதல் தடவை வந்தபோது வயலினுக்கும் விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்தார். பக்கத்துச் சீற்றில் பெல்ட் போட்டு இருத்திக் கொண்டுவந்தாராம். பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன். அவர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அதுக்குச் சாப்பாடும் குடுத்தவங்களோ?"

பிய்ந்த சிப்

அதே தடவை, மேடைக்கு அழைப்பு வந்த நேரம் கறுப்புக் கவுனின் முதுகில் இழுத்துப் பூட்டும் சிப் பட்டென்று பிய்ந்தது. மடாம் செக் மொழியில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாகத் தெரியவில்லை. என் தாலிக்கொடியில் கொழுவியிருந்த சட்டைப்பின்களைக் கழற்றி, துணியை மடித்துக் குத்தி அனுப்பினேன். கைதட்டல் முடிந்து முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். "இசைக்குழு நடத்தின ஒருத்தரும் என்னை இப்பிடிக் குத்திக் குத்தி வாசிக்க வைச்சதில்லை."

சம்பல்

அடுத்த தடவை வந்தது நல்ல பனிக்காலம். ஹோட்டல் சாப்பாடு பிடிக்காமல் பசியோடு வந்தவரை என் இடியப்பப் பெட்டி இழுத்துவிட்டது. "சம்பல் உறைக்கும், மடாம்" என்றேன். "நான் போர்க்காலத்தில பிறந்தவள்" என்றார். "நானும் போருக்குள்ளால வந்தனான்தான். எண்டாலும் உறைக்கும்."

கேட்டால்தானே. கண்ணும் மூக்கும் ஓட ஓட மேடைக்குப் போனார். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு வயோதிபர் கைக்குட்டையோடு அறை வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னார். "எத்தினையோ வருசமாக் கச்சேரி கேக்கிறன். இப்பிடி உருகி அழுது வாசிச்ச ஒருத்தரை இண்டைக்குத்தான் பாத்தன்."

கதவடி

கடைசியாக வந்த வருடம் இடக்கை விரல்கள் அவர் சொல் கேட்காமல் போயிருந்தன. ஒத்திகையில் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தவறியது. மாலை, மேடைக் கதவடியில் நின்றுவிட்டார். அரங்கு நிறையச் சனம்.

"என்னால ஏலாது. நீ போய்ச் சனத்துக்குச் சொல்லு."

"மடாம், இங்க பிரெஞ்சிலதான் சொல்லவேணும், எனக்குப் பிரெஞ்சு வராது. பொன்ஜூரும் மெர்சியும்தான் தெரியும்" என்றேன். உண்மையாகவே பயந்துதான் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயலினையும் வில்லையும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த இடம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தவறத்தான் செய்தது. ஆனால் அவர் நிற்கவில்லை, முடிக்கும்வரை வாசித்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. வியர்வையோடு வந்து வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"இதுதான் என்ர கடைசிக் கச்சேரி. முதல் உனக்குத்தான் சொல்லுறன். நீ வெளியில சொல்லமாட்டாய், உனக்குத்தான் பிரெஞ்சு வராதே."

இத்தனை வருடத்தில் அவர் வாசித்ததை நான் ஒரு நாளும் முன்னால் இருந்து பார்த்ததில்லை என்றாலும், உலகப் புகழ்பெற்ற அந்த முதுகை என்னைப்போல் அறிந்தவர் மொன்றியலில் வேறு யாரும் இருக்க முடியாது.