கருவாட்டுத் தடையும் பதின்மூன்று நாள் சாம்பாரும்

1. முதல் நாள், முதல் உத்தரவு

வேலையில் சேர்ந்த முதல் நாளே நான் ஓர் உத்தரவு போட்டேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சர்க்கார் செலவில் மதிய உணவு போடும் பள்ளிக்கூடங்களுக்குப் போய், சோறு வெந்திருக்கிறதா, சாம்பாரில் பருப்பு இருக்கிறதா, பாத்திரம் சுத்தமா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் உத்தியோகம். ஆபீஸில் ஒரு தொங்கு தராசும் ஒரு நீளக் கரண்டியும் கொடுத்தார்கள். சைக்கிள் என் சொந்தம். என் அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மகன் கடையில் உட்காராமல் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறானே என்று அவருக்கு வருத்தம். எனக்கோ கலெக்டர் ஆகிவிட்ட நினைப்பு.

முதலில் போன பள்ளிக்கூடம் ராயபுரத்தில், கல்மண்டபம் தாண்டிக் கடற்கரையோரம் இருந்தது. பிள்ளைகளில் முக்கால்வாசி மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சமையலறை. உள்ளே நுழைந்ததும் மூக்கைத் துளைத்தது கருவாட்டு வாசனை.

சமையல் ஆயா பெயர் தேசம்மா. நாற்பது வயதிருக்கும். சாம்பார் அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, அடுப்புத் தணலை முன்னால் இழுத்துப் பரப்பி, அதன்மேல் வரிசையாகக் கருவாட்டுத் துண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். காரப்பொடி, நெத்திலி, வாளை என்று முப்பது நாற்பது துண்டுகள். இடுக்கியால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டபடி, “இது செல்வியோடது, இது மைக்கேலு, இந்த வாலு போனது ராணியோடது” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிள்ளைகள் காலையில் பையில் போட்டுக் கொண்டுவந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டுப் போவார்களாம். அம்மாக்கள் விடியுமுன் மீன் விற்கக் கிளம்பிவிடுவதால், காலையில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது.

“என்னம்மா இது?” என்றேன்.

“கருவாடு சார். பாத்தா தெரியில?”

சட்டத்தைச் சொன்னேன். அனுமதிக்கப்பட்ட பண்டம் தவிர வேறெதையும் சமையலறையில் சமைக்கக்கூடாது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து தின்னவும் கூடாது.

“அத்த நிறுத்துனா புள்ளைங்க துன்னாதுங்க சார். வெறும் சாம்பாரு அதுங்களுக்கு எறங்காது.”

“இறங்கும். சாம்பாரை ஒழுங்காக வை, இறங்கும்.”

ஹெட்மாஸ்டர் அந்த வாசனையைச் சகித்துச் சகித்து அலுத்துப்போன மனிதர். மறுநாளே வாசலில் நின்று பைகளைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டார். உத்தரவை அவரிடம் எழுதிக் கொடுத்த அன்று மாலை நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

2. சாம்பார் ஆராய்ச்சி

அடுத்த வாரம் போனபோது, பிள்ளைகள் மிச்சம் வைப்பதைக் கொட்டும் மீதி வாளி நிரம்பி வழிந்தது. தட்டுக்குத் தட்டு பாதிச் சோறு அப்படியே கிடந்தது. தராசில் மாட்டினேன். முள் கீழே இறங்கியது, என் முகமும் கூடவே இறங்கியது.

புளி அதிகம் என்று முடிவு செய்து புளியைக் குறைக்கச் சொன்னேன். மறுநாளும் மீதி. பருப்பு வேகவில்லை என்று, பருப்பை முதல் நாளே ஊறப்போடச் சொன்னேன். அதற்கும் மீதி. அப்பா கடையிலிருந்து நல்ல பெருங்காயமாகப் பார்த்து ஒரு கட்டி எடுத்துவந்து என் கையாலேயே கரைத்து ஊற்றினேன். அந்த வட்டாரத்திலேயே அப்படி ஒரு சாம்பார் மணந்திருக்காது. ஆசிரியர்கள் இரண்டு பேர் தூக்குச்சட்டியோடு வந்து வாங்கிப் போனார்கள். பிள்ளைகள்தான் தொடவில்லை.

“நா அன்னிக்கே சொன்னேனே சார்” என்று தேசம்மா ஆரம்பித்தார்.

“சாம்பாரைப் பற்றிப் பேசு” என்று அடக்கினேன்.

“சாம்பாருக்கு இன்னா கேடு? சோக்காத்தான் கீது” என்று சொல்லிவிட்டு அண்டாவைக் கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கு ஹெட்மாஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “மீதியெல்லாம் எங்கே போகுதுன்னு பார்த்தீங்களா சார்? அந்த அம்மாவோட நாத்தனார் எருமை வெச்சிருக்கா. சாயந்திரம் வாளியோட அங்கேதான் போகுது.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. எருமைக்குத் தீனி வேண்டும் என்று வேண்டுமென்றே ருசியில்லாமல் சமைக்கிறார்! அந்தச் சாம்பாரை நானே கரண்டி கரண்டியாகக் குடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன் என்பதை அந்த நேரத்தில் வசதியாக மறந்துவிட்டேன்.

ஆபீஸில் என் மேலதிகாரி ஆராவமுதன். சுத்த சைவம், கறார்ப் பேர்வழி. விஷயத்தைச் சொன்னதும், “ரிப்போர்ட்ல பேரை எழுதிக் குடும் ஓய். வேற ஆளைப் போட்டுடலாம்” என்றார். பாரத்தில் ‘குறைக்குக் காரணமானவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தேசம்மா பெயரை எழுதினேன். அவருடைய கணவர் ஹார்பரில் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடப்பவர். ஆயா வேலைச் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

3. பந்தியில் ஒரு தட்டு

கையெழுத்துப் போடுமுன் கடைசியாக ஒருமுறை போனேன். தடை போட்டு அன்றைக்குப் பதின்மூன்றாவது பள்ளி நாள். சமையலில் குறையே இல்லாத நாளிலும் பிள்ளைகள் சோற்றை ஒதுக்கினால் தேசம்மாமேல் எப்படிக் குற்றம் சொல்வது என்று ஒரு சந்தேகம் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் கரண்டியை வைத்துவிட்டு, ஒரு தட்டு வாங்கிக்கொண்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். நானே முழுத் தட்டுச் சாப்பிட்டுக் காட்டினால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

முதல் நாலு கவளம் அமிர்தம். ஆறாவது கவளத்தில் சப்பென்று ஆனது. எட்டாவது கவளத்தில் என் கை தன்பாட்டுக்குத் தட்டின் ஓரத்தைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. வீட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கும் என்று யோசித்தேன். சுட்ட கருவாடு இருக்கும். சாம்பார் வைக்கிற நாளில் அது இல்லாவிட்டால் நான் அம்மாவிடம் சண்டை பிடிப்பேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சார், உனுக்கும் எறங்கிலியா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. பாதிச் சோறு தட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் மீதி வாளியில் நானே கொட்டினேன். தேசம்மா பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்குவது மட்டும் தெரிந்தது.

4. அடித்து எழுதிய பெயர்

ஆபீஸுக்குப் போய் அந்தக் கட்டத்தில் தேசம்மா பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். ஆபீஸ் வழக்கப்படி, அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அதையும் வைத்தேன். ஆராவமுதன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“என்னங்காணும் இது? இன்ஸ்பெக்ஷன் பண்ணப் போனவர் குற்றவாளிக் கூண்டில நிக்கறீர்?”

நடந்ததைச் சொன்னேன். கருவாடு என்ற சொல் வந்தபோதெல்லாம் அவர் முகத்தைச் சுளித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“சோத்துக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்லேன்னா எறங்காதுங்கறீர்.”

“ஆமாம் சார்.”

“வாஸ்தவம்தான். எனக்கு அப்பளம் இல்லேன்னா எறங்காது. ஆத்துல ரகளை பண்ணிடுவேன்.” பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “சமையலறையில சமைக்கப்படாதுன்னுதானே இருக்கு? தணலை வாரிண்டு போய்க் கொல்லையில கொட்டினா, அது சமையலறையா ஓய்?”

“இல்லை சார்.”

“வெளியிலேர்ந்து கொண்டு வரப்படாதுன்னு இருக்கறதுக்கு நான் விலக்கு எழுதித் தரேன். என் மூக்குக்கு எட்டாம பார்த்துக்கும்.” எழுதிக் கொடுத்தார். கூடவே எனக்கு ஒரு மெமோவும் கொடுத்தார். அவர் கறார்ப் பேர்வழி என்று முன்பே சொன்னேன்.

விலக்கு உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் ராயபுரத்துக்குப் பறந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குள் கொஞ்சம் பெருமை. எந்த அதிகாரி அடுத்தவர் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதுவான்? தேசம்மா கண்கலங்கி என்னைக் கும்பிடுவார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

“உன் வேலை போக இருந்தது தேசம்மா. உன் பெயரை அடித்து என் பெயரை எழுதிவிட்டேன்.”

“தெரியும் நைனா. வேல போவப்போவுதுன்னு ஹெட்மாஸ்டரு முன்னாடியே சொல்லிட்டாரு.” அவர் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “என் வேல போனா கோணி தெச்சிப் பொழைச்சிக்குவேன். உன் பேர எழுதிகின, சரி. பதிமூணு நாளு புள்ளைங்க அர வவுத்தோட குந்திகினு இருந்துச்சே, அத்த எந்தக் கட்டத்துல எழுதின?”

நான் விலக்கு உத்தரவை எடுத்து நீட்டி, இனித் தணலைக் கொல்லையில் கொட்டிக் கருவாடு சுடலாம் என்றேன்.

“வூட்ல பழையது கீற புள்ளைங்க ஓடிப் போயி துன்னுச்சி. இல்லாததுங்க கெணத்தாண்ட போயி தண்ணிய குட்ச்சிட்டு, கிளாஸ்ல பலகை மேல தல வெச்சிப் படுத்துச்சி. நீ வாளியத்தான தூக்கி தூக்கி எட போட்ட?”

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நிமிஷம் தணலை வார முறம் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வெட்கமும் துக்கமுமாக வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது அதிகமில்லை. கரண்டியில் ருசி பாருங்கள், மீதியை எடை போடுங்கள். அதெல்லாம் வேண்டியதுதான். அதற்குப் பிறகு கிளம்பிவிடாதீர்கள். மணி இரண்டு ஆகும்வரை இருந்து, வகுப்புக்குள் எட்டிப் பாருங்கள். யார் தலை நிமிர்ந்திருக்கிறது, யார் தலை பலகைமேல் கிடக்கிறது என்று எண்ணுங்கள். சமையலறையிலிருந்து அந்த வகுப்புக்கு இருபது அடி தூரம். பதின்மூன்று நாளில் ஒரு நாள்கூட நான் அந்த இருபது அடியை நடக்கவில்லை.