எச்சில் பட்ட டம்ளர்

ஐம்பதுகளின் நடுவில் மாமல்லபுரத்துப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாகப் போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. செங்கல்பட்டில் அம்மா இறந்து வீடு காலியான மறுமாதம் அது. கோயிலுக்குப் பூக் கட்டிக் கொடுக்கும் ஒரு அம்மாள் வீட்டில் பின்னறை கிடைத்தது. அவருக்கு நாற்பது வயது இருக்கும்; கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அடுக்களையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். பேச்சு பெரும்பாலும் அவருடையதுதான். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த அரைமணி நேரம் மட்டுமே.

வகுப்பில் செரிமானப் பாடம் வந்தது. வாயில் ஊறும் உமிழ்நீரில் டயலின் என்றொரு நொதி. சோற்றிலுள்ள மாவுச்சத்தை அது சர்க்கரையாக உடைக்கிறது. இரைப்பையின் அமிலத்தில் அதன் வேலை நின்றுவிடும். அங்கே பருப்பிலுள்ள புரதத்தை உடைக்க வேறொரு நொதி. மிச்ச மாவைச் சிறுகுடலில் கணையநீர் பார்த்துக்கொள்ளும். இதையெல்லாம் எழுதிப்போட்டு உருப்போட வைப்பவள் இல்லை நான். கண்ணால் காட்ட வேண்டும் என்ற திமிர். பள்ளியிலோ உருப்படியாக ஒரு சோதனைக்குழாய் இல்லை. அந்த அம்மாளின் அலமாரியில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. பாடத்துக்கு வேண்டும் என்றதும், "எட்துக்கினு போ டீச்சரம்மா" என்று கொடுத்துவிட்டார். என்ன செய்யப்போகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவை எதற்கானவை என்று கேட்கவுமில்லை.

இரண்டிலும் ஆறிய வடிகஞ்சி ஊற்றினேன். ஒன்றில் மட்டும் என் எச்சிலைத் துப்பிக் கலக்கி, இரண்டையும் வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, மாவுச்சத்து பட்டால் கருக்கும் டிஞ்சர் அயோடினை விட்டதும், சும்மா இருந்த கஞ்சி மைக்கருப்பானது. எச்சில் பட்டது கருக்கவில்லை. மாவு உடைந்துவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். வீட்டுக்குப் போய் வெறும் சோற்றை மென்றுகொண்டே இருங்கள், இனிக்கும் என்று சொல்லி அனுப்பினேன். டம்ளர்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அவற்றில்தான் அவர் சாமிக்குப் பால் வைப்பாராம். அந்த வெள்ளியும் வைத்திருக்கிறார். மறுநாள் ஒரு மாணவியின் தாய் பூ வாங்க வந்து, டீச்சர் எதில் துப்பினாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, சமாதானமாகியிருப்பேன். டம்ளர்கள் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தன. அன்று முதல் என் சாப்பாடு இலை போட்டு மூடி அறை வாசலுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்துவிட்டுப் பூவைத் தொடுத்தார்.

எட்டு மாதம் அப்படிச் சாப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்கும். தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு மெல்வதற்கு நேரம் நிறைய. சோறு இனிக்கத்தான் செய்தது. எனக்கு அழுகை வந்தது.

மதுராந்தகத்துக்கு மாற்றல் வந்து டிரங்குப் பெட்டியோடு கிளம்பிய அன்று, அவர் தெருவரைக்கும் வந்தார்.

"சோத்த மென்னுகினே இருந்தா இனிக்கும்னு பசங்களாண்ட சொன்னியாமே. மென்னு பாத்தேன். இனிக்குது."

எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்த வாரமே. சொல்றதுக்குத்தான் எதிர்ல ஆளு இல்ல."

சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அதையேதான் மென்றுகொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.