என் வீட்டு வென்டிலேட்டரைத் திறந்த ரெஜினா

ரெஜினா இறந்த செய்தி ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். முப்பத்தொரு வயது. கீழேயே மேனேஜர், ‘நம்மில் மிகச் சிறந்த இன்ஸ்பெக்டர் போய்விட்டார்’ என்று போட்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் ‘மிகச் சிறந்த’ என்ற சொல் சுருக்கென்று குத்தியது. ஆபீஸில் நீங்கள் எல்லோரும் அவளுக்கு அஞ்சலியை இரண்டே நாளில் எழுதிவிட்டீர்கள். நான் ஒன்றரை மாதம் கழித்து எழுதுவதற்கு அந்தக் குத்தல்தான் காரணம்.

‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். தங்கச் சுரங்க ஊரான தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனவள். புது ஃப்ளாட்டுகளைச் சோதித்துக் குறைகளை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. நான் சிவில் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு, அவள் ஐ.டி.ஐ.யில் பிளம்பிங். ஆனால் போன் செய்கிறவர்கள் கேட்பது, ‘அந்த ரெஜினா மேடம் வருவாங்களா?’ என்றுதான். ‘சுரங்கத்துக்காரர் பொண்ணு, காத்து எங்க அடைச்சிருக்குன்னு தெரியாதா?’ என்று யாராவது வியந்தால், ‘எங்கப்பா சுரங்கத்துல எறங்கினதே இல்லீங்க, கேன்டீன்ல வடை சுட்டாரு’ என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சொல்லி யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

தொம்மலூரில் ஒரு ஃப்ளாட். பாத்ரூமில் ஒழுகல் இல்லை, தண்ணீர் வேகமாக இறங்கியது. ‘சரி’ என்று எழுதிவிட்டேன். குடிவந்த வாரமே வீட்டுக்கார அம்மா நாற்றம் தாங்கவில்லை என்று கூப்பிட்டார். ரெஜி என்னோடு வந்தாள். தண்ணீர் வெளியேறும் தரை ஜாலிக்குப் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, ‘இன்ஜினியரம்மா, பக்கத்து பாத்ரூம்ல ஃப்ளஷ் பண்ணுங்க’ என்றாள். புகை ஜாலிக்குள் இழுபட்டது, உள்ளே களகளவென்று சத்தம். நேராக மொட்டைமாடிக்கு ஏறினாள். கழிவுக்குழாய்க்குக் காற்று விடும் குழாயின் வாயை யாரோ பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ‘மேலேருந்து காத்து வரலைன்னா, எறங்கற தண்ணி ஜாலிக்குள்ள நிக்கிற தண்ணியையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். நாத்தத்தைத் தடுக்கிறதே அந்தத் தண்ணிதான்’ என்று விளக்கினாள். வீட்டுக்கார அம்மா என் பக்கம் திரும்பி, ‘நீங்க என்ன படிச்சிருக்கீங்க?’ என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து ரெஜியின் பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்து எழுத்துப் பிழை தேடினேன். பதினான்கு கிடைத்தன. நிம்மதியாக இருந்தது.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. மகளுக்கு இரண்டு மாதம், டிசம்பர் குளிர். மர்பி டவுன் வாடகை வீட்டில் கேஸ் கீசர் பாத்ரூமுக்கு உள்ளேயே இருந்தது. குழந்தைக்குச் சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் சுவரின் மேலே காற்றுக்காக இருந்த வென்டிலேட்டரில் நியூஸ்பேப்பரைத் திணித்து, இடைவெளி விடாமல் டேப் ஒட்டியிருந்தேன். அடுத்தவர் வீட்டில் இதைப் பார்த்திருந்தால் ‘கேஸ் எரியும் விஷப்புகை வெளியேற வழியில்லை, உயிருக்கு ஆபத்து’ என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன். பத்து நாளாகத் தலை வலித்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தையைப் பார்க்க ரெஜி வந்தாள். கதவைச் சாத்தி கீசரை ஓடவிட்டிருந்தேன், பாத்ரூம் கதகதப்பாகட்டும் என்று. ‘உள்ள கேஸ் கீசரா?’ என்றாள். பதில் சொல்வதற்குள் சிலிண்டரை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். டேப் கிழிபடும் சத்தம் கேட்டது.

‘என்ன பண்ற ரெஜி? குழந்தைக்குச் சளி பிடிக்கும்!’

‘சளி பிடிச்சா டாக்டர்கிட்ட போலாம்.’

என் கணவர் பார்த்துக்கொண்டு நின்றார். ‘இது என் வீடு. உன் சைட் இல்ல’ என்றேன். ‘சரிங்க மேடம். இன்னிக்கு அடுப்புல வெந்நீர் போடுங்க. இந்தக் கீசரைக் கழட்டி வெளிய மாட்டுங்க’ என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினாள். யார் தொட்டாலும் வீறிடுகிற குழந்தை அவள் மடியில் தூங்கிப்போனது. அதற்கும் வயிறு எரிந்தது. நன்றி சொல்லவில்லை. அன்றோடு என் தலைவலி நின்றது.

விடுப்பு முடிந்து ஆபீஸ் வந்த முதல் நாள் உங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன், யார் சிரிக்கப்போகிறீர்கள் என்று. யாரும் சிரிக்கவில்லை. அவள் இருந்தவரை யாரிடமும் அதைச் சொல்லவே இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மறுநாள் டீ நேரத்துக்குள் சொல்லி முடித்திருப்பேன். இரங்கல் கூட்டத்தில் ‘நீங்க ஒண்ணு சொல்லுங்க’ என்றபோதுகூட தொம்மலூர் கதையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ரெஜியிடமிருந்து என்னிடம் இருப்பது என்ன என்றால், மூன்று வயதாகும் என் மகளைத்தான் காட்ட முடியும். பெற்றவள் நான், வளர்ப்பவள் நான். ஆனாலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பங்கு ரெஜிக்குப் போகிறது. அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.