சவரிமுத்து சார் தேடிய சத்தம்

அன்று காலை கடலூரிலிருந்து சிதம்பரம் வரை காருக்குள் சத்தமே வரவில்லை. பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திய கையோடு சவரிமுத்து சாருக்குப் போன் போட்டேன். "சார், இன்னிக்கு சத்தம் இல்ல சார்," என்று ஒரே மூச்சில் சொன்னேன். எடுத்தவர் பஸ் கண்டக்டர். "சார், இவுரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் சார் ஜன்னலோரம் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

நம் பள்ளியில் உங்களுக்கெல்லாம் அவர் வேதியியல் ஆசிரியர். வரலாறு நடத்தும் எனக்கு மூன்று வருடமாகக் காரில் பக்கத்து சீட்டுக்காரர். தினமும் முதுநகரில் அவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்வேன். போன மழைக்காலம் முடிந்ததும் காருக்குள் கடகடவென்று ஒரு சத்தம் தொடங்கியது. ஊருக்குள் ஓட்டினால் வராது. புதுச்சத்திரம் தாண்டி வேகம் பிடித்தால் வந்துவிடும். இரண்டு மெக்கானிக்குகள் கடைத்தெருவை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். டேஷ்போர்டையே பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று வந்தது.

சார்தான் தடுத்தார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துட்டா எது கத்துச்சுன்னு எப்படிய்யா தெரியும்? ஒரு நாளைக்கு ஒண்ணு எடு." ஆய்வகத்தில் பிள்ளைகளிடமும் அவர் இப்படித்தான் சொல்வார். முதல் நாள் ஜாக்கியை எடுத்தோம், அடுத்த நாள் குடையை. ஸ்டெப்னியை வீட்டில் விட்டுவிட்டுப் போன நாள் பார்த்து டயர் பஞ்சரானது. நடுரோட்டில் நான் தலையில் அடித்துக்கொண்டு நின்றேன். "சத்தம் வந்துச்சுல்ல? அப்ப ஸ்டெப்னி இல்ல," என்றார் அவர், நிம்மதியாக.

டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரின் முறையும் வந்தது. மாதா கோயில் ஞாயிறு பூசை தவறாத மனிதர், பிள்ளையாரை இரண்டு கையாலும் பெயர்த்தெடுத்து, கைக்குட்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். சிதம்பரம் வரை அசையாமல் பிடித்திருந்தார். சத்தம் வந்தது. "இவுரு மேல குத்தம் இல்ல, வச்சிடலாம்," என்று திரும்ப வைத்துவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று இறங்கி நின்றும் பார்த்தார்.

எடுக்க எதுவும் மிச்சமில்லாத ஒரு சாயங்காலம். வெள்ளாற்றுப் பாலத்தில் மறுபடியும் கடகட. "இனிமே எடுக்க நீங்க ஒருத்தர்தான் சார் பாக்கி," என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் சரிதான். நாளைக்கு நான் பஸ்ல வரேன். சத்தம் வருதான்னு போன் பண்ணு," என்றார்.

பள்ளியில் நாம் நடத்திய அஞ்சலிக் கூட்டத்துக்கு அவர் மனைவி ரீட்டா அக்காவை நான்தான் அழைத்து வந்தேன். அக்கா அவருடைய சீட்டில் உட்கார்ந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் சத்தம் வந்தது. அக்கா குனிந்து சீட்டுக்கடியில் கை வைத்தார். "தம்பி, இங்கதான் ஆடுது. இதத்தான் தேடிக்கிட்டு இருந்தாரா?"

வண்டியை ஓரங்கட்டினேன். "அக்கா, நான்தான் அவுர பஸ்ல போக வச்சேன்," என்றேன். அழுதுவிட்டேன்.

"தெரியும் தம்பி, சொன்னாரு. அன்னிக்குக் காலையிலயே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாரு. லீவு போடுங்கன்னேன். இன்னிக்குத்தான் முடிவு தெரியும், போயே ஆவணும்னாரு. நானும் வுட்டுட்டேன்," என்றார் அக்கா.

சீட்டை நகர்த்தும் கம்பியில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. ஆள் உட்கார்ந்தால்தான் ஆடும். சிதம்பரம் மெக்கானிக் இரண்டே நிமிடத்தில் முறுக்கிவிட்டார். இப்போது கார் சத்தமில்லாமல் ஓடுகிறது. என்னால்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவருடைய முறை ஒன்றுதான். அவர் போன அந்த நாளுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் அந்த பஸ்ஸை எடுக்கிறேன். ஒரு நாள் அவருடைய பிடிவாதத்தை. இன்னொரு நாள், பாலத்தின் மேல் என் வாயில் வந்த வார்த்தையை. எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கத்தான் அந்த நாள் என்னிடம் இல்லை.