மதினி தேடி எடுத்த ஸ்பீக்கர்

சிவகாமி மதினி இறந்த செய்தி எனக்குப் போனில் படமாக வந்தது. அண்ணன் மகன் முருகேசன் அனுப்பியிருந்தான். மதினியின் முகத்துக்குக் கீழே ‘அமைதியே உருவானவர்’ என்று போட்டிருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் அமைதி? காது மந்தமானவள் என்று நீங்கள் யாரும் அவளிடம் பேசவில்லை. அதற்குப் பெயர் அமைதியா?

நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள்தான். கண்டதை எழுத அது போதும். மேலகரத்தில் அவளை அறிந்த எல்லாரும் படியுங்கள்.

அண்ணன் போன பிறகு மதினிக்குத் துணை, அவர் விட்டுப்போன சின்ன ஆம்பிளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும். போன வருஷச் சாரலில் ஈரம் ஏறி ஸ்பீக்கருக்குள் அதிர்கிற காகிதம் இற்றுவிட்டது. புதிது கேட்டதற்கு முருகேசன் சிரித்தான்.

“காது கேக்காத ஆளுக்கு எதுக்கும்மா ஸ்பீக்கரு?”

வாயசைவிலேயே பேச்சைப் பிடித்துவிடுவாள் மதினி. சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். “வாடி, தென்காசிக்கு” என்று என்னைக் கூப்பிட்டாள். ஆம்பிளிஃபயரையும் ஆட்டோவில் ஏற்றினோம்.

அங்கே ஸ்பீக்கர் கடைக்காரர் இடுப்பு உயரப் பெட்டி ஒன்றைப் பாட வைத்தார். தரை அதிர்ந்தது.

“காது மந்தம்னா இதான் ஆச்சி சரி. கும்முனு இருக்கும்.”

“கும்மு நல்லாத்தான் கேக்குது. சொல்லுதான் கேக்கல. சத்தத்தக் கொறைங்க. இப்போ அந்தம்மா என்ன பாடுதா? நீங்களே சொல்லுங்க பாப்போம்.”

அவருக்கும் விளங்கவில்லை.

மதினி விடவில்லை. “எங்க ஆம்பிளிஃபயர் பின்னால எட்டு ஓம்னு போட்டிருக்கு. நீங்க நாலு ஓம் பெட்டியக் காட்டுதிய. ஓம் கொறைஞ்சா பாரம் கூடும். மாட்டுக்குத் தக்கன வண்டி பூட்டணும் அண்ணாச்சி. இத மாட்டினா அது சூடாகிச் செத்துப்போவும்.”

கடையைச் சுற்றி வந்து, அடித்தட்டில் தூசி படிந்திருந்த எட்டு ஓம் ஜோடியை எங்கள் ஆம்பிளிஃபயரில் மாட்டச் சொன்னாள். குறைந்த சக்தியிலேயே தாராளமாகப் பாடுகிற ஜாதி அது. ஒவ்வொரு சொல்லும் தெளிந்து வந்தது. மதினி கடை நடுவில் நின்று, சுதி இல்லாமல் கூடவே பாடினாள். இரண்டு பையன்கள் சிரித்தார்கள்.

“சிரிக்கியளே, அடுத்த வரி தெரியுமாலே ஒங்களுக்கு?”

இவள் அமைதியாம்!

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேவாரம் ஊருக்கே கேட்கப் போட வேண்டும் என்று, முருகேசன் மதினி வாங்கிய அந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு நாலு ஓம் வாடகைப் பெட்டிகளை மாட்டினான். பந்தி முடியுமுன் கருகல் வாடை. ஆம்பிளிஃபயர் செத்தது.

“ஏலே, நாலு ஓம் மாட்டாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாளே ஒங்கம்மை!”

“விடுங்க அத்தை. இருக்கும்போதே அம்மைக்குக் கேக்கல. இப்போ எதுக்குச் சத்தம் போடுதிய?”

ஒருத்தராவது அவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பாயசம் குடித்தீர்கள்.

ஸ்பீக்கர் இரண்டையும் நான் தூக்கி வந்துவிட்டேன். தக்க ஆம்பிளிஃபயரை நானே போய்ப் பார்த்து எடுப்பேன். ஸ்பீக்கரைவிடப் பெரிதாக ஒன்றையும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எனக்கும் இடது காது மந்தமாகி வருகிறது. தெரிந்தால் என்னையும் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து வீட்டில் சொல்லாமல் இருந்தேன். மதினி ஒருநாளும் மறைத்ததில்லை. இனி நானும் மறைக்க மாட்டேன். எனக்கு எது கேட்க வேண்டும் என்று நான்தான் சொல்வேன். பேச வருகிறவர்கள் வலப்பக்கம் உட்காருங்கள்.