ஹாலில் மட்டும் சிக்னல்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கேளம்பாக்கத்தில் நான் கட்டிய வீடுகளில் ஒரு சுவராவது விரிசல் விட்டிருக்கிறது என்று யாராவது காட்டட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். கலவைச் சட்டி தூக்கி, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, கடைசியில் நாற்பது பேருக்கு வேலை கொடுத்தவன் நான்.

அப்படிப்பட்டவன் முட்டுக்காட்டில் எனக்கென்று வீடு கட்டும்போது சும்மா விடுவேனா? உள்சுவருக்கு எல்லாரும் நாலரை அங்குலத்தோடு நிறுத்துவார்கள். நான் வீடு முழுக்க ஒன்பது அங்குலம் வைத்தேன். மாடித் தளத்துக்குப் போட்ட கம்பியில் பாலமே கட்டலாம்.

மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள். சிறுசேரியில் வேலை. தோழி ஒருத்தியோடு கேளம்பாக்கத்தில் வாடகை பிளாட்டில் இருந்தாள். வீடு முடிந்ததும் என்னோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை, அதனால் நெட் அறுபடக் கூடாது.

தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த அன்று எலக்ட்ரீஷியன் வந்து நின்றார்.

"அண்ணாத்த, நெட்டுக்குத் தனியா பைப் போட்றதா வேணாமா? இப்பவே சொல்லிடு. கான்கிரீட் போட்டப்புறம் ஒட்ச்சிகினு கெடக்க முடியாது."

மகளும் பக்கத்தில் இருந்தாள். "போடச் சொல்லு நைனா. மேல என் ரூமுக்கு ஒயரு வந்தாத்தான் சரி."

"ஊரே ஒய்ஃபைல ஓடிகினு கீது. உனுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஒயரு?"

"ஊரு செவுரும் உன் செவுரும் ஒண்ணா? ஜெயிலு மாதிரி கட்டி வெச்சிகீற. இதுக்குள்ள சிக்னலு பூருமா?"

ஜெயில் என்றதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒயர் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக நின்றேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டாள்.

காரணம் இருந்தது. ஒருமுறை அவள் பிளாட்டுக்கு நண்டுக் குழம்பு எடுத்துப் போனேன். அவள் ஒரு அறையில், தோழி ஒரு அறையில், இரண்டு கதவும் சாத்தியிருந்தன. மீட்டிங் முடியட்டும் என்று மூன்று மணி நேரம் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். குழம்பு ஆறிப்போனது. என் வீட்டிலும் அறைக்கு அறை ஒயர் போட்டால் அதே கதைதான். சிக்னல் ஹாலில் மட்டும் இருந்தால், அவள் ஹாலுக்கு வந்துதானே தீர வேண்டும்?

இருந்தாலும் தொழில் புத்தி விடவில்லை. வழி வைக்காமல் தளத்தை மூட என் கைக்கு வராது. அவள் போனதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஹாலிலிருந்து அவள் அறைக்கு ஒரு காலி பைப் போடச் சொன்னேன். பிற்பாடு ஒயர் இழுக்க உள்ளே ஒரு கட்டுக்கம்பியும் விடச் சொன்னேன். இரண்டு முனையையும் நானே பூசி மூடுவதாகத் திட்டம்.

"பாப்பாகிட்ட சொல்லாத" என்றேன்.

"இன்னா அண்ணாத்த, உன் வூட்டுலயே நீ கடத்தல் பண்றியா?" என்று சிரித்தார்.

குடி வந்தோம். நான் கணக்குப் போட்டபடியே மாடியில் சிக்னல் இல்லை. அவள் என்னமோ பூஸ்டர் வாங்கிப் படிக்கட்டில் செருகிப் பார்த்தாள். பேசும்போதே படம் அப்படியே உறைந்து நின்றது. மறுநாள் மேஜையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, என் நாற்காலிக்கு எதிரில் போட்டாள்.

ஏழு வாரம் அப்படி இருந்தோம். அவள் பேசும் இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எப்போது பொய்க்குச் சிரிக்கிறாள், எப்போது நிஜமாகச் சிரிக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். டிவியைச் சத்தமில்லாமல் பார்க்கப் பழகினேன். "நைனா, இருமாத, மைக்கு ஆன்ல கீது" என்பாள். துண்டை வாயில் அழுத்திக்கொள்வேன். கண்ணில் தண்ணீர் வரும். ஆனாலும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

ஒருநாள் அவளுடைய பெரிய மீட்டிங். அந்த நேரம் பார்த்து மீன்காரம்மா கேட்டில் நின்று குரல் கொடுத்தாள். "சங்கரா சின்னதா கீதே!" என்று நான் ஹாலிலிருந்தே பதிலுக்குக் கத்தினேன். மீட்டிங்கில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். அவள் சட்டென்று மைக்கை அணைத்தாள். சாயங்காலம் பையோடு இறங்கி வந்தாள்.

"நான் பிளாட்டுக்கே போய்ட்றேன் நைனா. கோவம்லாம் இல்ல. இங்க வேல பாக்க முடில. சனி, ஞாயிறு வந்துட்றேன்."

நான் எழுந்துபோய்ச் சுத்தியலும் உளியும் எடுத்துவந்தேன். டிவிக்குப் பின்னால் சுவரைத் தட்டினேன். அளவு பார்க்கவில்லை, என் கைக்குத் தெரியும். உளியில் நாலு அடி விழுந்ததும் பூச்சு உதிர்ந்து பைப்பின் வாய் தெரிந்தது. உள்ளே கட்டுக்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.

"இத எப்போ போட்ட?"

"தளம் போட்ட அன்னிக்கே."

"அப்போ இத்தினி நாளா?"

நான் கீழே விழுந்த காரையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பைப்பைப் பார்த்தாள், தன் மேஜையைப் பார்த்தாள், எதிரில் இருந்த என் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு மாடிக்கே திரும்பப் போனாள்.

மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியன் வந்து ஒயர் இழுத்தார். ஒரே இழுப்பில் மேலே போய்விட்டது. பைப்பின் வளைவை அப்படி வைத்திருந்தேன். மத்தியானம் மேஜையும் மாடிக்குப் போனது.

இப்போது நெட் அறுபடுவதே இல்லை என்கிறாள். ஒரு மணிக்குச் சாப்பிட வருவாள், தட்டைக் கழுவியதும் ஏறிவிடுவாள். அவள் பேசுவதோ நாற்காலி இழுப்பதோ கீழே துளியும் கேட்காது. தளம் அப்படிப் போட்டிருக்கிறேன். நான் டிவியை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இஷ்டம்போல இருமலாம்.