அக்கா மறுபடி சாப்பிடத் தொடங்கிய கோடை

திரைச்சீலை தைப்பது என் அக்காவின் தொழில். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் பின்னறையில், இடுப்புயர மேசைமேல் துணியை விரித்து, மடிப்பு வைத்து, கீழ் ஓரத்துக்குள் சிறு ஈயக் குண்டுகளைச் சேர்த்துத் தைப்பாள். ஜன்னலைப் பார்க்காமல் அளவை மட்டும் வாங்கித் தைத்தாலும், துணி தரையைத் தொடப்போவதுபோல் இறங்கித் தொடாமல் நிற்கும். அந்தக் கடைக்கு வண்ணம் அடிக்க வந்து அக்காவைக் கட்டிக்கொண்டவர்தான் என் மாமா. சுவர் வேலை முடிந்த பிறகும் ஏதோ ஒரு மூலையில் 'டச்சப்' பாக்கி இருக்கிறது என்று அவர் வந்துகொண்டே இருந்ததாக முதலாளியம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் சமையல் முழுக்க அக்காவின் பொறுப்பு. கடையில் மீந்த கெட்டித் துணியில் பைகள் தைத்து, மண் நிரப்பி, பால்கனியில் புதினாவும் கொத்தமல்லியும் எலுமிச்சைப்புல்லும் வளர்த்தாள். பைகளின் ஓரத்தைக்கூட மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தாள்.

"செடிக்கே இப்படிச் சட்டை தைக்கிறவ, பிள்ளைக்கு எப்படித் தைப்பாளோ!" என்று முதலாளியம்மா சொன்னபோது, அக்கா குனிந்து மண்ணைக் கிளறினாள். அவளுடைய முதல் கரு தங்கவில்லை. மருத்துவமனையில் சேர்ந்து, வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

மறுபடி அவள் கருவுற்ற கோடையில், தேர்வு முடிந்து நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். சந்தையில் தக்காளி பழுத்துக் குவிந்திருந்தது. வெள்ளரிப் பிஞ்சும் இளஞ்சோளமும் வந்திருந்தன. ஆனால் தாளிக்கும் வாசனை பட்டாலே அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எடை இறங்கியது. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"அடுத்த தடவையும் எடை குறைஞ்சிருந்தா, அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்துறதைத் தவிர வேற வழியில்லைம்மா."

வீடு திரும்பினோம். செருப்பைக் கழற்றும்போது அக்கா சொன்னாள்: "அந்த வார்டுக்கு மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

அன்றே மாமா கரண்டியைக் கையில் எடுத்தார். எண்ணெய்ச் சட்டியை மேல்தட்டில் ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் வேகவைத்தே சமைத்தார். அடுப்பங்கரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "சுவர் சுத்தமா இருந்தாத்தான் பெயின்ட் கோட்டு பிடிக்கும்" என்பது அவர் வாதம். அக்கா பால்கனியில் உட்கார்ந்தபடி, உப்பு எவ்வளவு, நெருப்பு எவ்வளவு என்று குரல் கொடுப்பாள். அவ்வளவு செய்தும் பயனில்லை. தட்டோடு கூடத்துக்கு வந்து இரண்டு வாய் வைப்பதற்குள் எழுந்து ஓடினாள். நாளுக்கு நாள் இது கூடியதே தவிரக் குறையவில்லை.

அவளுக்கு எப்போது, எங்கே குமட்டுகிறது என்பதை நான் கவனிக்கத் தொடங்கினேன். பால்கனியில் இருக்கும்வரை அவளுக்கு ஒன்றுமில்லை. கடையிலும் இல்லை. கூடத்தில் தொடங்கி, படுக்கையறையில் உச்சத்துக்குப் போனது. நாங்கள் பழி சுமத்திய அடுப்பங்கரையிலோ, தண்ணீர் எடுக்கப் போனவள் சாதாரணமாக நின்று குடித்துவிட்டு வந்தாள். கணக்கு எங்கோ உதைத்தது.

படுக்கையறையைப் பெருக்கக் கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டபோது ஏதோ இடறியது. இழுத்துப் பார்த்தால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அதில் இரண்டாக வெட்டிய வெங்காயம். அலமாரிக்கு மேலும் ஒன்று. கூடத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் இன்னொன்று.

"மாமா, என்ன இது?"

"அதைத் தொடாதம்மா. அது வேலை செஞ்சிட்டிருக்கு."

"என்ன வேலை?"

"வாடையை இழுக்குது. பெயின்ட் அடிச்ச ரூம்ல நாங்க இப்படித்தான் வைப்போம், காலையில நெடியே இருக்காது. சமையல் வாடை இவளுக்கு ஆகலையேன்னு இங்கயும் வெச்சேன். வாந்தி கூடக்கூட வெங்காயத்தையும் கூட்டினேன்." சற்று நிறுத்திச் சேர்த்துக்கொண்டார்: "கட்டிலுக்கடியில ரெண்டு. அவ அங்கதானே படுக்கிறா."

பெயின்டில் கலக்கும் தின்னரிலேயே ஊறிப்போன அவர் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. எனக்கு எட்டியது, ஆனால் வெங்காய வாடை என்றால் அடுப்பங்கரையிலிருந்துதான் வரும் என்று இருந்துவிட்டேன். அக்காவுக்கோ அந்த நாட்களில் எல்லா வாடையும் ஒரே வாடை.

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் அவள். "ஏங்க, என்னைப் பார்த்தா புதுசா பெயின்ட் அடிச்ச சுவர் மாதிரியா இருக்கு?" என்றாள். பிறகு சிரித்தாள். நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

மாமா சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நானேவா உன்னைப் பட்டினி போட்டிருக்கேன்?" என்றார்.

"ஆமா, போட்டீங்க. அதுக்குத் தண்டனையா, போய் வெள்ளரிக்காய் நறுக்குங்க."

கிண்ணங்களை வெளியேற்றி, ஜன்னல்களைத் திறந்து, தரையை அலசினோம். அக்கா பால்கனிக்குப் போய்ப் புதினாவையும் கொத்தமல்லியையும் தன் கையால் கிள்ளினாள். மாமா ஒவ்வோர் இலையாக ஓடும் தண்ணீரில் கழுவினார். வெள்ளரியையும் தக்காளியையும் அளவு பிசகாமல் சிறு சதுரங்களாக நறுக்கினார். வேகவைத்து ஆறிய சோளத்தைச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, புதினாவைக் கசக்கித் தூவினாள் அக்கா. கூடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். முதல் வாய்க்குப் பிறகு நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"இப்படி முறைச்சா எப்படி இறங்கும்? நீங்களும் சாப்பிடுங்க."

எழுந்து ஓடவில்லை. தட்டைக் காலி செய்தாள்.

அதன்பின் தினமும் ஏதாவது ஒன்று உள்ளே போனது: எலுமிச்சைப்புல் போட்டுக் காய்ச்சிய கஞ்சி, கொத்தமல்லி தூவிய பருப்பு, தயிரில் வெள்ளரி. விஷயம் கேள்விப்பட்ட முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மறுநாளே ஒரு பை நிறையத் தக்காளி அனுப்பினார். எல்லா நாளும் நன்றாக இருந்ததாகச் சொல்ல முடியாது. சில காலைகளில் பழைய குமட்டல் வரும். அக்கா பால்கனியில் நின்று புதினாத் தழையை முகர்ந்துவிட்டு வந்து உட்காருவாள்.

அடுத்த தடவை மருத்துவமனையில் எடைக் கருவிமேல் ஏறியவள் முள்ளைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தாள். நர்ஸ் இரண்டு முறை சரிபார்த்தார்.

"ஏறியிருக்கே! என்னம்மா சாப்பிட்டே?" என்றார் டாக்டரம்மா.

"அவர் நறுக்கினதை" என்றாள் அக்கா.

குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. அட்மிட் ஆக வேண்டியதில்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அந்த வார்டின் கதவைக் கடந்துதான் வெளியே வந்தோம். மாமா அவள் கையைப் பிடித்திருந்தார். வெயிலுக்கு வந்ததும் அக்கா நின்றாள்.

"என்னம்மா, தலை சுத்துதா?" என்று பதறினார் மாமா.

"இல்லைங்க, பசிக்குது."

அவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். உடனே எங்கள் இருவரையும் நிழலில் நிறுத்திவிட்டு, சாலையைக் கடந்து பழக்கடைக்கு ஓடினார்.